முதலில் வாய் திறந்தவள்

தாயாரம்மாள் மயங்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி சுமாருக்கு. அதற்கு முன் அவள் ஆயுளில் மயங்கி விழுந்ததே கிடையாது. ஆரம்பாக்கத்தில் ஒன்றேகால் காணி நெல் நிலம் வைத்திருந்த குடும்பத்து மருமகள். மூன்று பிள்ளை பெற்றவள். சித்திரை வெயிலில் நாளெல்லாம் களத்தில் நின்றிருக்கிறாள். தலைவலி என்று ஒருநாள் படுத்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குக் கம்பெனி வாசல் மணலில் கட்டை மாதிரி சாய்ந்தாள். அவளோடு சேர்த்துப் பத்தொன்பது பேர்.

எழுபத்தேழாம் வருடம் அது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மாதத்துக்கு ஒரு கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்று மருந்துப் புட்டி கம்பெனி. வேறெங்கோ வார்த்த கண்ணாடிப் புட்டிகள் லாரியில் வந்து இறங்கும். பின்கட்டில் சோடா உப்புத் தண்ணீரில் கழுவுவார்கள். முன்கட்டில் முப்பத்திரண்டு பெண்கள் இரண்டு நீள மேசைகளில் உட்கார்ந்து, ஒவ்வொரு புட்டியையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகத் திருப்பிப் பார்ப்பார்கள். கீறலோ குமிழியோ இருந்தால் ஒரு பெட்டி, இல்லாவிட்டால் இன்னொரு பெட்டி. இவ்வளவுதான் வேலை. மழை பொய்த்து நாற்று கருகிப்போன வருடம் தாயாரம்மாள் இதற்கு வந்து சேர்ந்தாள். கண் கூசுவது தவிர வேறு குறை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு இடதுபக்கம் கனகாம்பாள் உட்காருவாள். அதே ஊர், அடுத்த தெரு. முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சூப்பர்வைசர் துளசிராமனிடம் போய் நின்றதும் அவள்தான், நின்ற காலில் அதைப் போட வைத்ததும் அவள்தான். மேசையின் கடைசியில், ஜன்னலோரம், குப்பாயி. ஏரிக்கரைக் குப்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கலாம். புருஷன் ஏரியில் எறா, அதுதான் இறால், பிடிக்கிறவன். விடிகாலையில் இரண்டு மைல் நடந்து வந்து ஆரம்பாக்கத்தில் எல்லோரோடும் ரயில் ஏறுவாள். அவளை அங்கே போய் உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. வந்த முதல் நாள், அவள் தூக்கில் இருந்த கருவாட்டுக் குழம்பை நினைத்தோ என்னவோ, பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நகர்ந்தது நகர்ந்தபடியே நின்றுவிட்டது. தாயாரம்மாளும் நகர்ந்தவள்தான்.

அன்றைக்கு நடந்ததைப் பிறகு அவள் நூறு தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு புட்டியை வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தாள். மூக்கில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது. பட்டதா, கருவாட்டு நினைப்பா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னா நாத்தம் இது?" என்றாள்.

கனகாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். "ஆமாண்டி, எனக்குக்கூட ஒரு மாதிரி கீது" என்றாள்.

எதிரே இருந்தவள் புட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அதைப் பார்த்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் பொத்தினாள். மேசையின் கடைசியில் குப்பாயி எழுந்து நின்றாள். எதற்கோ ஜன்னல் பக்கம் திரும்பியவள் அப்படியே கண் செருகிச் சரிந்தாள். புட்டிகள் உருண்டு உடைந்தன.

"கேஸு! கேஸு!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லோரும் கதவுக்கு ஓடினார்கள். ஓடும்போது தாயாரம்மாளுக்கு நெஞ்சு அடைத்தது. நாக்கு மரத்தது. இரண்டு கையிலும் எறும்பு ஊறுகிற மாதிரி. வாசலில் ஒருத்தி விழுந்தாள், அவள்மேல் இன்னொருத்தி. அவர்களைத் தாண்டப் போனவளுக்குக் கண் இருட்டியது. மணல் சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஒவ்வொருத்தியின் கண்ணையும் இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். குப்பாயிக்கு மட்டும் ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றினார்கள்.

"கேஸும் இல்ல, விஷமும் இல்ல. ஒருத்தியப் பார்த்து ஒருத்திக்குப் பயம். போய் நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க, சரியாப் போயிடும்" என்று டாக்டர் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

தாயாரம்மாளுக்குச் சுருக்கென்றது. கை மரத்தது பொய்யா? நெஞ்சு அடைத்தது பொய்யா? வீட்டுக்கு வந்ததும் புருஷன் அப்பாவுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வண்டிமாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டான். அதிகம் பேசாத மனிதன்.

"நெசமாவே மயக்கமா, இல்ல எல்லாம் உயுந்தாங்கன்னு நீயும் உயுந்தியா?" என்றான்.

"இன்னா பேசற நீ? உயுந்து காட்டறதுக்கு நான் இன்னா கூத்துக்காரியா?"

"கோச்சிக்காத. தெரியாமத்தான் கேட்டேன்."

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் படுத்த பிறகு அவன் கேள்வி அப்படியே கூடப் படுத்துக்கொண்டது. வாசல் தாண்டும்போது கண் இருட்டியது உண்மை. ஆனால் அந்த இரண்டு பேர் அங்கே விழுந்து கிடக்காவிட்டால் இருட்டியிருக்குமா? தன் உடம்புக்குள் நடந்தது தனக்கே தெரியவில்லை என்பதுதான் அவளைக் கலக்கியது.

கம்பெனியை மூன்று நாள் மூடினார்கள். சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் ஒரு கருவியோடு வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. நான்காம் நாள் கம்பெனி திறந்தபோது துளசிராமன் வாசலிலேயே நின்று சொன்னார்.

"மேனேஜர் ஒவ்வொருத்தரா விசாரிக்கப் போறாரு. யாரோ ஒருத்தி ஆரம்பிச்சி வச்சிருக்கா. அது யாருன்னு அவருக்குத் தெரிஞ்சாகணும். தெரியலைன்னா இந்த செட்டையே மாத்திட்டு வேற ஆளு எடுக்கறேன்னு சொல்லிட்டாரு."

முப்பத்தொரு பேர் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குப்பாயி இன்னும் உடம்பு தேறி வரவில்லை. உண்மையில் விசாரணை அதற்கு முன்பே, காலை ரயிலில் முடிந்துவிட்டிருந்தது. ஆரம்பாக்கத்தில் ஏறும்போது, "யாருடி மொதல்ல சொன்னது?" என்று ஒருத்தி கேட்டாள். எளாவூர் வருவதற்குள், "அந்தக் கடைசிப் பொண்ணுதானே மொதல்ல உயுந்தா?" என்றார்கள். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது, குப்பாயி எழுந்து நின்று "ஐயோ நாத்தம், கேஸு!" என்று கத்தியதை ஏழெட்டுப் பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள். அவள் கையை எப்படி ஆட்டினாள் என்றுகூட ஒருத்தி ஆட்டிக் காட்டினாள்.

தாழ்வாரத்தில் தாயாரம்மாள் கனகாம்பாளின் காதோரம் குனிந்தாள்.

"ஏண்டி, நாத்தம்னு நான்தானே உன்கிட்ட சொன்னேன்?"

கனகாம்பாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "நீயா? நீ எப்ப சொன்ன? நான் உன் பக்கத்துலதானே குந்திகினு இருந்தேன்."

"மெதுவாச் சொன்னேன். நீகூட, எனக்கும் ஒரு மாதிரி கீதுன்னு சொன்ன."

"அது குப்பாயி கத்துனதுக்கு அப்புறம் சொன்னது. உனக்கு மயக்கத்துல எல்லாம் கொழம்பிப் போச்சி. கம்னு இரு. நீ ஒண்ணு பேசி, எல்லார் பொழப்பும் பேஜாராப் போயிடப் போவுது."

அவள் பொய் சொல்கிற முகத்தோடு அதைச் சொல்லவில்லை. அதுதான் தாயாரம்மாளைத் தடுமாற வைத்தது. கனகாம்பாள் பொய் சொன்னால் மூக்கு விடைக்கும். பத்து வருடப் பழக்கத்தில் அது அவளுக்குத் தெரியும். மூக்கு விடைக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பி, "ஆமாக்கா, குப்பாயிதான்" என்றார்கள். அவர்கள் முகத்திலும் கள்ளமில்லை. இத்தனை பேருக்கு ஒரே மாதிரி ஞாபகம் இருக்கிறது, தனக்கு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்றால் பிசகு எங்கே இருக்கும்?

அவள் முறை பதினெட்டாவது. எதுவானாலும் தனக்கு நினைவிருப்பதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் மேனேஜர் ஏதோ கடிதம் படித்துக்கொண்டிருந்தார். துளசிராமன் கையில் ஒரு தாள்.

"இதுவரைக்கும் பதினேழு பேரு. எல்லாரும் ஒரே பேருதான் சொல்லியிருக்காங்க. குப்பாயி. நீயும் அதானேம்மா?" என்றார் துளசிராமன்.

தாயாரம்மாள் வாயைத் திறந்தாள். மேனேஜர் கடிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. வாயிலிருந்து வந்தது, "ஆமா சார்."

துளசிராமன் தாளை அவள் பக்கம் தள்ளினார். தாயாரம்மாள் என்று நாலாம் வகுப்பு எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்தபோது அவளுக்கு உறுத்தவில்லை. ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தபோதுதான் உறுத்தியது.

குப்பாயியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு தாயாரம்மாளுக்கு ஒரு விபரீதம் ஆரம்பித்தது. புட்டியைத் திருப்பும்போதும், வீட்டில் உலை வைக்கும்போதும், அந்தச் செவ்வாய்க்கிழமையை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். முதலில் தன் குரல் கேட்கும். நாலைந்து நாள் போனதும் தன் குரல் மங்கிவிட்டது. அந்த இடத்தில் குப்பாயியின் வாய் திறப்பது தெரிந்தது. கையை ஆட்டுவதும் தெரிந்தது. ரயிலில் ஒருத்தி ஆட்டிக் காட்டினாளே, அதே ஆட்டல். அது தான் பார்த்ததா, காட்டியதைப் பார்த்ததா? புருஷனிடம் சொன்னாள்.

"இதுக்கு ஏன் மண்டைய உடைச்சிக்கிற? அந்தப் பொண்ணையே போய்க் கேட்டுட்டு வா. அவளுக்குத் தெரியாதா அவ வாயி?" என்றான் அப்பாவு.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். வயல் தாண்டி, சவுக்குத் தோப்பு தாண்டி, காலில் உப்பு ஒட்டுகிற வெளியில் நடந்தால் ஏரி. கரையில் பத்துப் பதினைந்து கூரை வீடுகள். குப்பாயி ஒரு பாயில் எறா பரப்பிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், சட்டென்று பயந்த மாதிரி.

"இன்னாக்கா, இம்மாந்தூரம்? மறுபடியும் விசாரணையா?"

"அதெல்லாம் இல்ல. உன்னப் பார்க்கத்தான் வந்தேன்." தாயாரம்மாள் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேரே போட்டு உடைத்தாள். "குப்பாயி, அன்னிக்கு நாத்தம்னு மொதல்ல சொன்னது நான்தான். நீ இல்ல. நான் கையெழுத்தும் போட்டுட்டேன். மனசு கேக்கல."

குப்பாயி அவளையே பார்த்தாள். அழுவாள், திட்டுவாள், எறாவை வாரி முகத்தில் வீசுவாள் என்றெல்லாம் தாயாரம்மாள் வழியில் நினைத்திருந்தாள். குப்பாயி தலையை ஆட்டினாள்.

"இல்லக்கா. நான்தான் சொன்னேன்."

"இன்னாடி சொல்ற?"

"நான்தான். அன்னிக்கு நாஷ்டா துன்னாம வந்துட்டேன். மொத நாளும் சரியாத் துன்னல. எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். ஐயோ நாத்தம்னு கத்துனேன். அப்புறம் உயுந்தேன்."

"நீ வாயே திறக்கலடி! எழுந்த, உயுந்த. அவ்ளோதான்."

"எனக்கும் மொதல்ல அப்டித்தான் இருந்திச்சி. நான் ஒண்ணும் சொல்லலன்னுதான் எங்கூட்டுக்காரருகிட்ட அழுதேன். துளசிராமன் சார் ஆளனுப்பிக் கேட்டாரு. முப்பத்தொரு பேரு சொல்றாங்க, அத்தினி பேரும் பொய்யான்னு கேட்டாரு. மார்க்கெட்டுல, ரயிலடியில, எங்க போனாலும் நீதானா அதுன்னாங்க. அப்புறம் உக்காந்து யோசிச்சிப் பார்த்தேங்கா. யோசிக்க யோசிக்க ஞாபகம் வந்திச்சி. கத்துனது நல்லா ஞாபகம் கீது. தொண்டைல வலிச்சது கூட."

"நான் சொன்னதுதான் நெசம்" என்றாள் தாயாரம்மாள். அவள் குரலே அவளுக்கு நம்பிக்கையாக இல்லை.

குப்பாயிக்குக் கோபம் வந்தது. "ஏங்கா, வேலையும் போச்சி. இப்ப நான் சொன்னது கூட நான் சொல்லலன்னு சொல்ல வந்துட்டியா? அப்ப நான் இன்னா பைத்தியமா?"

தாயாரம்மாள் குப்பாயி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். திரும்பி வரும் வழியில் தோப்பில் ஒரு தரம் நின்று, "இன்னா நாத்தம் இது?" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். தன் வாய்க்கு அந்த வார்த்தை பழக்கப்பட்டதாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரம். எல்லோரும் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். தாயாரம்மாள் சாப்பிடாமல் எழுந்து நின்றாள். இனி ஒருநாள் தள்ளினால் தனக்கும் குப்பாயி மாதிரி ஆகிவிடும், கொஞ்சநஞ்சம் இருப்பதும் அழிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு நாத்தம்னு மொதல்ல சொன்னது நான். குப்பாயி இல்ல. யாரு இன்னா சொன்னாலும் சரி, நான்தான். அந்தப் பொண்ணு வாயே திறக்கல. பசில உயுந்தா."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. கனகாம்பாள், "உக்காருடி, உனக்கு இன்னா கேடு?" என்று புடவையைப் பிடித்து இழுத்தாள். தாயாரம்மாள் உட்காரவில்லை. பிறகு எதிர்மேசையிலிருந்து முத்தம்மா என்கிற வயசான பெண் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் என்னமோ, தாயாரம்மா குரல்தான் மொதல்ல கேட்ட மாதிரி இருந்திச்சி. எல்லாரும் குப்பாயின்னாங்க, சரின்னு உட்டுட்டேன்."

"எனக்குக்கூடத்தான்" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

"ஆமா, குப்பாயி கத்துனா எனக்குக் கேட்டிருக்குமே. நான் ரெண்டு ஆளு தள்ளிதானே இருந்தேன்."

"அந்தப் பொண்ணு என்னிக்கு வாயைத் திறந்து பேசியிருக்கா?"

நாலாகி, எட்டாகி, சாப்பிட்டுத் தூக்கை மூடுவதற்குள் எல்லோருக்கும் தாயாரம்மாள் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள் என்றாள் ஒருத்தி. மூக்கைச் சுளித்தாள் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் கனகாம்பாள் தொடையில் தட்டிக்கொண்டு, "அதான் நான் பக்கத்துலயே குந்திகினு இருந்தேனே! 'இன்னா நாத்தம் இது'ன்னு என் காதுலதானே சொன்னா!" என்றாள். அவள் மூக்கு இப்போதும் விடைக்கவில்லை.

தாயாரம்மாள் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். தாழ்வாரத்தில் பார்த்த அதே முகங்கள். அதே உறுதி. அவள் கேட்டது கிடைத்துவிட்டது; ஆனால் அவர்கள் தலையாட்டத் தலையாட்ட, காலையில் அவளிடம் மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையும் நழுவியது. அன்றைக்கு இவர்கள் சொன்னது தப்பு என்றால், இன்றைக்குச் சொல்வது மட்டும் எப்படிச் சரி? தான் மூக்கைச் சுளித்ததாக அவளுக்கே நினைவில்லை.

கனகாம்பாள் முன்னே நடக்க, எல்லோரும் மேனேஜர் அறைக்குப் போனார்கள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. கையெழுத்துத் தாளை எடுத்து மேசையில் போட்டார்.

"அன்னிக்கு முப்பத்தொரு பேரும் எழுதிக் கொடுத்தீங்களே, இது என்ன? இன்னிக்கு வேற பேரு சொல்றீங்க. நாளைக்கு வந்து என் பேரைச் சொல்லுவீங்களா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. துளசிராமன் அவரிடம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். மாதக் கடைசிக்குள் பம்பாய்க்குப் போகவேண்டிய பெட்டிகள் பாதிகூட ஆகவில்லை, கை போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார்.

"அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. இந்தம்மா பின்கட்டுல கழுவற வேலைக்குப் போகட்டும். இனிமே நாத்தம் கீத்தம்னு யாராவது பேசினீங்க, அவ்வளவுதான்."

இப்படித்தான் குப்பாயி வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினாள். தாயாரம்மாள் பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஆவியும் ஈரமுமாக இருந்தது, பேச்சுத் துணைக்கு ஆளில்லை. அவள் அதைத் தண்டனையாக நினைக்கவில்லை. சொல்லப்போனால், நாலு பேர் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்வது கொஞ்ச நாளைக்கு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஜன்னலோர மேசையில் என்ன நடந்ததோ தெரியாது. ஒரு வாரத்தில் குப்பாயிக்கும் கனகாம்பாளுக்கும் ஏகப் பழக்கமாகிவிட்டது.

ஒரு சாயங்கால ரயிலில், கும்மிடிப்பூண்டியில் ஏறிய கீரைக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏம்மா, நீங்கள்லாம் பாட்டில் கம்பெனிதானே? அன்னிக்கு இன்னாமோ ஆச்சாமே?"

கனகாம்பாள் காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒரு வாய் சேர்த்துக்கொண்டார்கள். தாயாரம்மாளைக் கைகாட்டி, "தோ, இவதான் ஆரம்பிச்சி வச்ச மகராசி" என்றாள் கனகாம்பாள்.

"அக்கா சொன்னாங்க பாரு, 'இன்னா நாத்தம் இது'ன்னு," என்று குப்பாயி இடையில் புகுந்தாள். "நான் அப்ப அக்காவையேதான் பார்த்துகினு இருந்தேன். அவங்க சொன்னதும் எனக்குக் கிர்ருன்னு சுத்திச்சி."

தாயாரம்மாள் திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். எறாப் பாய்க்குப் பக்கத்தில் தொண்டை வலித்ததுகூட ஞாபகம் இருக்கிறது என்றவள். முகத்தில் பொய்யின் சாயல் துளியும் இல்லை. கண்கள் பளபளவென்று, தான் பார்த்ததைச் சொல்கிறவளின் கண்களாகவே இருந்தன.

கனகாம்பாள் தாயாரம்மாள் மாதிரியே மூக்கைச் சுளித்துக் காட்டினாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீரைக்காரியும் சிரித்தாள். தாயாரம்மாளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

ஆரம்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, எதற்காகச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.